கல்கிசைக் கானலும் கடைவிளக்கும்

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிலே புகார்க் கடற்கரையின் இரவைக் காட்ட வந்த இளங்கோவடிகள், அங்கு எரிந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பிட்டு வணிகர் விளக்கு, அப்பஞ் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, வலையொடு சென்ற பரதவரின் படகு விளக்கு, மரக்கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கு, வேற்று மொழி பேசும் அயல்நாட்டார் அணையாது வைத்த விளக்கு என்று அந்த வரிசை நீளுகின்றது. கடற்கரையில் இருந்து உண்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த நாகரிகம் என்று கருதுவோர் இப்பகுதியை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. மாணாக்கருக்கு இதனைப் பாடஞ் சொல்லும்போது யான் வற்புறுத்தும் செய்தி ஒன்றுண்டு. பிட்டு விற்றவளின் அகல் விளக்கும் பிறநாட்டு வணிகனின் விளக்கும் ஒரே மணலில் எரிந்தன என்பதே அது.

கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக் கரையிலும் இன்று மாலைதோறும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. மணலிலே மேசை இட்டு, மெழுகுதிரி கொளுத்தி, நண்டும் இறாலும் கணவாயும் பரிமாறும் உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. 2018ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் அதனை அடுத்து வந்த பெருந்தொற்றும் 2021இல் அத்தொகையை இரண்டு இலட்சத்துக்கும் கீழே தள்ளின. 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்நியச் செலாவணி இன்றி 2022இல் நாடு பட்ட பாட்டை நினைப்பவர் எவரும் இம்மீட்சியை வெறுக்க மாட்டார். ஆயினும், இவ்விருந்துக்கு அடியில் கிடக்கும் மணலும், தட்டில் வந்து சேரும் மீனும், அங்கே சென்று அமரும் குடிமகனின் உரிமையும் எந்நிலையில் உள்ளன என்று கேட்பார் அரியர். கேட்க வேண்டிய காலம் இது.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது கூறிவிடுகின்றேன். பண்டிதனுக்குப் பெயரைத் தொடாமல் ஊருக்குள் நுழையத் தெரியாது. கல் என்னும் சொல் தமிழிலும் உண்டு. சிங்களத்தில் அதனைக் கல என்பர். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையே இவ்வூருக்கு அடையாளம். ஆங்கிலப் பெயராகிய மவுண்ட் லவீனியாவைப் பற்றி இரு கதைகள் வழங்குகின்றன. 1805 முதல் 1811 வரை ஆண்ட தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட், லொவீனா என்னும் ஆடல்மகள்மேற் கொண்ட காதலால் தம் மாளிகைக்கு அவள் பெயரை இட்டார் என்பது ஒன்று. கடற்பறவையைக் குறிக்கும் லிஹினியா என்னும் சிங்களச் சொல்லே திரிந்தது என்பது மற்றொன்று. விடுதிகள் முதற்கதையையே விரும்பும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! பறவையைக் காட்டிலும் காதல் நன்றாக விலைபோகும்.

1877ஆம் ஆண்டு கரையோரப் புகையிரதப் பாதை இவ்வூரைக் கடந்து தெற்கு நோக்கி நீண்டது. அவ்வாண்டிலேயே பழைய தேசாதிபதி மாளிகையும் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் அக்கட்டடம் போர்க்கால வைத்தியசாலையாகத் தோன்றி உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆனால் அந்தப் புகையிரதம் விடுதிக்கு மட்டும் ஆள் கொண்டு வரவில்லை. மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்து, சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாகக் குடும்பத்தோடு இறங்கும் மக்களையும் அதுவே கொண்டு வந்தது. இன்றும் கொண்டு வருகின்றது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் அடுக்குமாடிகளில் வாழும் நம்மவருக்கு முற்றம் என்று ஒன்று உண்டெனில் அது கல்கிசை மணலே. வெள்ளவத்தையிலும் கடல் உண்டு. ஆனால் அங்கே கரை இல்லை. இருப்புப்பாதையைக் காக்கக் கொட்டிய கருங்கற்களும், கால்வாய் கொண்டுவந்து தள்ளும் கழிவும், கொழும்பின் கழிவுநீரைக் கடலுக்குள் நெடுந்தூரம் இட்டுச் செல்லும் குழாயுமாக அவ்விடம் கண்ணுக்கு மட்டுமே கடற்கரையாய் இருக்கின்றது. பிள்ளைகள் கால் நனைக்க வேண்டுமெனின் தெற்கே இரண்டு மூன்று நிலையங்கள் செல்லவேண்டும்.

அந்த மணல்தான் இப்போது ஒதுங்கி வருகின்றது. மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொருளன்று. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான காலத்தில் பேரலைகள் கரை மணலை அரித்துச் சற்றுத் தொலைவிலே கடலுக்கடியில் திடலாகக் குவிக்கின்றன. காற்று மாறிக் கடல் அமைந்தபின் சிற்றலைகள் அதனையே மீண்டும் கரையிற் கொண்டுவந்து சேர்க்கின்றன. இஃது ஆண்டுதோறும் நடைபெறும் கொடுக்கல் வாங்கல். இதற்கு மேலாக, மேற்குக் கரை நெடுக மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்து செல்கின்றது. கல்கிசைக்கு மணல் ஊட்டும் தாய் களுத்துறையிற் கடலொடு கலக்கும் களு கங்கை. மலைநாட்டிலிருந்து அந்த ஆறு உருட்டிக் கொணரும் மணலே பாணந்துறை, மொறட்டுவை, அங்குலானை, இரத்மலானை எனக் கரைகளைத் தொட்டுத் தொட்டு வந்து சேரவேண்டும்.

இந்த வரவு இப்போது நடுவழியிலேயே வெட்டப்படுகின்றது. கொழும்பில் எழும் மாடிகளுக்காக ஆற்று மணல் அள்ளப்படுகின்றது. எஞ்சியது கடலை அடைந்தாலும், வழியிலே ஒவ்வோர் ஊரும் தன் கரையைக் காக்கக் கற்சுவர் எழுப்புகின்றது. அலை கல்லில் மோதி மீளும்போது கல்லின் காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகின்றது. ஓரூரின் சுவர் அடுத்த ஊரின் பசி ஆகின்றது. 2017 வைகாசிப் பெருவெள்ளத்தின்போது நீரை விரைந்து வடியவிடக் களுத்துறை முகத்துவாரத்து மணல்மேடு வெட்டப்பட்டது. வெட்டிய வாய் பெருத்து, கலிடோ கடற்கரை என்று பேர்பெற்ற அழகிய மணற்பட்டியே பெரும்பகுதி அழிந்தது. உயிர் காக்க வெட்டினர், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆற்றின் வாயில் ஒருநாள் வெட்டிய வெட்டு ஆண்டுக்கணக்கிற் கரையைத் தின்னும் என்பதை அக்கடற்கரை நன்கு காட்டியது.

இந்நிலையிலேதான் 2020ஆம் ஆண்டு கரையோரம் பேணல் திணைக்களம் களுத்துறை, அங்குலானை, கல்கிசை ஆகிய இடங்களுக்குக் கடலடி மணலைக் கப்பலால் உறிஞ்சி எடுத்துக் கரையில் இறைக்கும் பணியை மேற்கொண்டது. ஏறத்தாழ 89 கோடி ரூபாத் திட்டம் என்று செய்தித்தாள்கள் எழுதின. சித்திரை மாதத்தில், ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் இருந்த வேளையிலே, கல்கிசைக் கரை ஒரே நாளிற் பன்மடங்கு அகன்றது போலத் தோன்றியது. அடுத்து வந்த சோளகம் அந்த மணலிற் பெரும்பங்கை வாரிக்கொண்டு போயிற்று. நாட்டில் பெருங்கூச்சல் எழுந்தது. பணம் கடலிற் கரைக்கப்பட்டது என்றனர் பலர். சுற்றாடல் ஆர்வலர் நீதிமன்றத்தை நாடினர். மணல் எங்கும் போய்விடவில்லை, கடலடியில் தன் இடத்தைத் தேடிக்கொண்டது, தெற்கே இட்டது வடக்கே நகரும் என்று அதிகாரிகள் விடை கூறினர்.

இவ்வழக்கில் இருதரத்தாரிடமும் உண்மையிற் பாதி இருந்தது என்பது என் கருத்து. செயற்கையாய் இட்ட மணல் முதற் பருவத்திலே சரிந்து பரவுதல் எங்கும் நிகழ்வதே. ஆதலின் கரைந்தது என்ற கூச்சல் முழுதும் சரியன்று. ஆனால் சோளகம் தொடங்கும் தறுவாயில், மக்களுக்கு ஒரு சொல்லும் விளக்காமல், இவ்வளவு பெரும் பொருளைக் கரையிற் கொட்டியது எவ்வகை அறிவு? ஆற்றில் மணல் அள்ளுதலை அடக்காமல் கடலில் மணல் இறைத்தல், ஓட்டைப் பானைக்கு நீர் ஊற்றுதலன்றி வேறென்ன? வரவு நிற்கும்வரை இறைப்பை ஒருமுறை செய்து முடிக்கவும் இயலாது. சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அதற்குத் திறைசேரியில் நிரந்தர ஏற்பாடு வேண்டும். அத்தகைய ஏற்பாடு இன்றிக் கரையோர உணவகங்களுக்கு மட்டும் உல்லாசத்துறை ஊக்கம் அளித்தல், மேசையைப் பரப்பிவிட்டு நிலத்தை உருவுதலை ஒக்கும்.

மணலை விட்டு மீனுக்கு வருவோம். 2021 மே 20ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிலே தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றுள் நைத்திரிக் அமிலம், ஏனைய இரசாயனங்கள், ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள். பலநாள் எரிந்த கப்பல் யூன் மாதத்தில் அமிழ்ந்தது. பயறளவிலும் சிறிய அம்மணிகள் நீர்கொழும்பு தொட்டுக் கல்கிசையையும் தாண்டி வெண்பனிபோற் கரையை மூடின. ஐக்கிய நாடுகள் சபை வல்லுநர், இத்தகைய மணிகள் கடலிற் சிந்திய நிகழ்ச்சிகளுள் பதிவாகியவற்றில் இதுவே மிகப் பெரிதென்றனர். ஆமைகளின் உடல்கள் கரையொதுங்கின. மீன்பிடி தடுக்கப்பட்டது. தடை நீங்கிய இடத்திலும், அந்த மீனை வாங்குவார் இல்லை.

மேற்குக் கரை மீனவருக்கு அது முதல் அடியன்று. 2020 ஒக்ரோபரிலே பேலியகொடை மத்திய மீன்சந்தையில் கொரோனாத் தொற்றுப் பரவியபோதும் மீனைத் தொடுவார் இன்றி விலை வீழ்ந்தது. மீன்பிடித் துறையில் முன்னர் அமைச்சுப் பதவி வகித்த அரசியல்வாதி ஒருவர் செய்தியாளர் முன்னிலையிலே பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நகைத்தவர் பலர், எனக்கோ அதில் நகைப்பினும் இரக்கமே மிகுந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுவள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயை நம்பியது. அடுத்த மாதம் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94ஐயும் தாண்டியது. இந்த மூன்று அடிகளும் இரண்டே ஆண்டுக்குள் வந்தவை.

2025 யூலை 24ஆம் நாள் உயர்நீதிமன்றம், கப்பலுக்குரியோர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இந்நாட்டுச் சுற்றாடல் வழக்குகளில் முன்னொருபோதும் கேட்டிராத தொகை இது. அதனைச் செலுத்தப் போவதில்லை என்று கப்பற் கம்பனியின் தலைவர் அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளிப்படக் கூறினார். அயல்நாட்டு நீதிமன்றங்களிற் சென்று அத்தீர்ப்பை நிறைவேற்றுவது நெடிய வேலை. அதுவரை, நம் தெகிவளை, கல்கிசைக் கரைவலைக்காரர் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பர்? விடுதிக்கு மீன் வேண்டுமெனில் பேலியகொடையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வரும். திருகோணமலையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வரும். கரைவலைக்காரருக்கு வேறு கடல் இல்லை. உணவகத்து மேசைக்கும் கரையில் இழுக்கும் வலைக்கும் இடையே நூறு முழமே உள்ளது. ஆனால் மேசையில் இருப்பவர் உண்ணும் அறக்குளா அந்த வலையில் வந்ததன்று. வலையில் வரும் சூடையும் சாளையும் விலைப்பட்டியலிற் பெயர் பெறுவதில்லை.

உணவின் சுவை பற்றியும் ஒரு சொல். வெள்ளவத்தைக் காலி வீதியிலே மாலை வேளையில் நடந்து பார்ப்பவர், இடியப்பமும் சொதியும், பிட்டும் நண்டுக் குழம்பும், தோசையும் சம்பலும், தாளம் தட்டிக் கொத்தும் ரொட்டியும் ஒரு மைல் தூரத்துக்குள் கண்டு மகிழலாம். 1983இல் எரியுண்ட தெரு அது. மீண்டு எழுந்து இன்று நாடெங்குமிருந்து பசித்து வருவோரை ஊட்டுகின்றது. சிங்கள நண்பர்கள் நம் கடைகளில் வரிசையில் நின்று இடியப்பம் வாங்கிச் செல்லும் காட்சி, அரசியல்வாதியர் பலரின் ஒற்றுமைப் பேச்சைவிடப் பொருளுடையது. ஆயினும் இத்துணைச் செழிப்பான சமையல், இரண்டு மைல் தெற்கே கடலோரத்திற் காணப்படுவதில்லை. அங்கே பொரித்த கிழங்கும் வெண்ணெயில் வதக்கிய இறாலுமே ஆட்சி செய்கின்றன. கடலும் பனையும் ஒன்றாய்க் கலந்த ஒடியற் கூழைப் பலாவிலை கோலிக் குடிப்பதற்குக் கடற்கரை மணலினும் ஏற்ற இடம் எது? அதனை ஒரு வெளிநாட்டார் அங்கே கேட்டால் தருவாரும் இல்லை. அப்படி ஒன்று உண்டென்று அவருக்குச் சொல்வாரும் இல்லை. உல்லாசப் பயணி தன் ஊர் உணவைத் தேடி இவ்வளவு தூரம் வந்தான் என்று எண்ணுவது, விருந்தினன் அறிவையும் நம் அடுக்களையையும் ஒருங்கே குறைத்து மதிப்பதாகும்.

நான் அதிகம் அஞ்சுவது உரிமையைப் பற்றி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம் என வகுத்து, அதனுள் எந்தக் கட்டட வேலைக்கும் அனுமதி வேண்டும் என்கின்றது. அலை தொடும் மணல் அரசின் நிலம்; அதற்கு எவரும் உறுதி எழுதிக்கொள்ள இயலாது. ஏட்டில் இவ்வாறு தெளிவாக இருப்பது மணலில் மங்கிவிடுகின்றது. சாய்வு நாற்காலி ஒன்றை இட்டால் அது கட்டடம் ஆகுமோ? ஆகாது. பத்து நாற்காலியும் ஒரு கயிறும்? அதுவும் ஆகாது. ஆனால் சோற்றுப் பொதியோடு வந்த தாய் அக்கயிற்றைக் கண்டதும் தானாகவே ஒதுங்கிப் போகின்றாள். அவளை எவரும் விரட்டவில்லை. ஆதலின் முறைப்பாடும் இல்லை. கரை அகன்று இருந்த காலத்தில் இதனாற் பெருந்தீங்கு இல்லை. கரை ஒடுங்கும்தோறும், எஞ்சிய மணல் எவருக்கு என்ற வினா கூர்மை அடைகின்றது. மணலரிப்பும் உரிமைக் குறைவும் வெவ்வேறு செய்திகள் அல்ல என்று யான் சொல்வது இதனாலேயே.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று வடக்கே ஐந்தாறு மைலில் உள்ளது. காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்டிர் பிள்ளைகளின் நலங் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டு ஒரு கல்லிற் பொறித்து வைத்தார். அந்நிய ஆட்சியாளரின் அந்தக் கல் இன்றும் வேலை செய்கின்றது. அங்கே இறால் வடைத் தள்ளுவண்டியும், அவித்த கடலைக்காரரும், அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவோரும் ஐந்து நட்சத்திர விடுதிக்கு எதிரிலேயே பிழைத்து வந்திருக்கின்றனர். 1956 யூன் 5ஆம் நாள் தமிழ்த் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடியுண்டதும் அத்திடலிலே; 2022இல் எல்லா இனத்து இளைஞரும் கூடாரம் அடித்து ஒரு சனாதிபதியை நாட்டை விட்டு ஓடச் செய்ததும் அத்திடலிலே. வேலி இல்லாத வெளி இருந்தமையாற்றான் வடைக்கும் வழக்குரைக்கும் அங்கே இடம் கிடைத்தது.

அத்திடலுக்கு அருகிலே கடலைத் தூர்த்து 269 ஹெக்டெயரில் துறைமுக நகர் எழுந்துள்ளது. அதற்கும் மணல் வேண்டியிருந்தது; கடலடியிலிருந்தே தோண்டி எடுக்கப்பட்டது; நீர்கொழும்பு மீனவர் அதனை எதிர்த்தனர். இன்று அங்கே அலைதடுப்பின் காவலில் செயற்கைக் கடற்கரை ஒன்று அமைதியாய்க் கிடக்கின்றது. மக்களும் செல்கின்றனர், அழகாகவே இருக்கின்றது. முதலீடு வருமிடத்து மணலை நிறுத்தும் கலை இந்நாட்டுக்குக் கைவந்தது என்பதற்கு அது சாட்சி. கல்கிசைக்கு அக்கலை ஏன் எட்டவில்லை என்று திணைக்களத்தாரைக் கேட்கும் உரிமை அவ்வூர் மக்களுக்கு உண்டு.

கேட்க வேண்டியவை சிலவே. களு கங்கையில் மணல் அள்ளும் அனுமதிகளைக் கரைக்குத் தேவையான அளவோடு இணைத்துக் கணக்கிடுதல். புகையிரத நிலையத்துக்கு எதிரே உள்ள மணலில் ஒரு பகுதியை, அளந்து, கல் நாட்டி, நாற்காலியும் கயிறும் புகாத பொதுக்கரையாய் அறிவித்தல். அவ்விடத்தே நன்னீரும் கழிவறையும் அமைத்தல். சிறு வியாபாரிகளுக்கு மாநகரசபை இலக்கம் கொடுத்து மாலைக்கடை நடத்த விடுதல். 2023 ஒக்ரோபர் முதலாம் நாள் முதல் பிளாத்திக்குத் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு இடியப்பத் தட்டையும் தடைசெய்த அரசு, ஓர் இடியப்பத் தட்டின் தீங்கை அறியும் அளவுக்கு நுணுக்கமான பார்வை உடையதாய் இருக்கின்றது. அப்பார்வை நூறு முழம் கீழே இறங்கி மணலையும் காணுமாயின், அடுத்த சோளகத்துக்கு முன் அளவு வேலையையாவது தொடங்கிவிடலாம்.